ஓடைக்கரையில் ஒரு மூங்கிற் புதர்

கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கிவிட்டால் நம் பங்குகளில் மூங்கில் தேடும் படலம் தொடங்கிவிடுகின்றது. நட்சத்திரத்திற்குப் பிளாச்சு வேண்டும். குடிலுக்குக் கழி வேண்டும். பந்தலுக்குக் கால் வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் வாழ்ந்துகொண்டு, எங்கிருந்தோ வரும் மூங்கிலை விலை கொடுத்து வாங்குகின்றோம்! இந்நிலை ஏன்?

சில காலத்திற்கு முன், வத்திராயிருப்பை அடுத்த மகாராஜபுரத்தில் ஒரு வீடு மந்திரிக்கச் சென்றிருந்தோம். வீட்டுக்காரருடைய தென்னந்தோப்பு ஓடையை ஒட்டியது. ஆண்டுதோறும் வெள்ளம் கரையை அரித்து, இரண்டு தென்னைகள் வேர் தெரிய நின்றன. 2015 மே மாதத்தில் சதுரகிரி மலை ஓடையில் திடீர் வெள்ளம் பெருகி யாத்திரிகர் சிலர் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. இம்மலை ஓடைகளின் வேகம் அத்தகையது.

"கரையில் மூங்கில் வைக்கலாமே" என்றோம். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"வேண்டாம் சாமி! மூங்கில் பூத்தால் பஞ்சம், வெட்டினால் வழக்கு, வளர்ந்தால் யானை. இந்த மூன்றுக்கும் நான் எங்கே போவேன்?"

திண்ணையோரம் கூடை முடைந்துகொண்டிருந்த மூதாட்டி ஒருத்தி தலை நிமிராமலே சொன்னாள்: "மூங்கில் இல்லாமல் என் கை சும்மா இருக்குதே, அதற்கு நான் எங்கே போவேன் சாமி?"

அன்று நம்மிடம் தக்க விடை இல்லை. பின்னர் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை இங்கே தருகின்றோம்.

மூங்கில் என்ன செய்யும்?

மூங்கில் மரமன்று; நெல், கரும்பு இவற்றின் இனத்தைச் சேர்ந்த புல். அதற்கு ஆணிவேர் இல்லை. மேல்மண்ணிலேயே வலைபோல் பின்னிப் படரும் வேர்கள் மண்ணை இறுகப் பற்றிக்கொள்கின்றன. உதிரும் இலைகள் நிலத்தை மூடி ஈரம் காக்கின்றன. வரிசையாய் நட்டால் காற்றைத் தடுத்து வாழையைக் காக்கும்.

மழைக்காலத்தில் மண்ணைப் பிளந்து வரும் குருத்து, சில மாதங்களிலேயே முழு உயரத்தை எட்டிவிடும். முற்றி உறுதிபெற மட்டும் மூன்று ஆண்டுகள் ஆகும். முற்றிய கழிகளை வெட்டினாலும் புதர் சாவதில்லை. அடுத்த மழையில் மீண்டும் குருத்து விடும். வாழைக்கு முட்டு, தோப்புக்கு ஏணி, களத்திற்கு முறம், சந்தைக்குக் கூடை, ஆட்டுக்குத் தழை என எத்தனை பயன்கள்!

மூன்று அச்சங்கள்

முதலாவது, பஞ்சம். இது வெறும் கட்டுக்கதை அன்று. மிசோரம் மலைகளில் ஒருவகை மூங்கில் ஏறத்தாழ 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருசேரப் பூத்துக் காய்க்கின்றது. அக்காய்களைத் தின்று பெருகும் எலிகள் பின்னர் வயல்களில் இறங்கிவிடுகின்றன. 1958-59-இல் அங்கே அவ்வாறே கொடும் பஞ்சம் நேர்ந்தது. 2007-இல் மீண்டும் மூங்கில் பூத்தது. ஆனால் அங்கே மலை மலையாக ஒரே மூங்கில் நிற்கின்றது. நம் தோப்போரத்துப் பத்துப் புதர்கள் பூத்துப் பஞ்சம் வந்துவிடாது. நம்மூர் முள் மூங்கிலும் நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை பூத்து, மூங்கிலரிசி தந்து மடிவது உண்மையே. எல்லாப் புதர்களும் ஒரே ஆண்டில் மடியாதிருக்க, நாற்றுகளை ஒரே இடத்தில் வாங்காமல் இரண்டு மூன்று இடங்களிலிருந்து வாங்குவது நன்று.

இரண்டாவது, வழக்கு. 1927-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் மூங்கிலையும் மரமென்றே கணக்கிட்டிருந்தது. 2017-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, காட்டிற்கு வெளியே வளரும் மூங்கில் அதனின்று நீக்கப்பட்டது. எனினும் தமிழ்நாட்டிற்கு 1882-ஆம் ஆண்டிலிருந்தே தனி வனச் சட்டம் உண்டு. ஆதலால் வெட்டி வண்டியேற்றுமுன் வனச்சரக அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது அறிவுடைமை. பட்டா நிலத்தில் நட்டதற்குச் சான்றாகக் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கலில் பதியச் செய்வதும் நன்று.

மூன்றாவது, யானை. இந்த அச்சம் நியாயமானது. மூங்கில் யானைக்கு விருப்பமான உணவு. திருவில்லிபுத்தூர், இராஜபாளையம் மலையோரத் தோப்புகளில் யானை புகுந்து தென்னையைச் சாய்ப்பதை நாம் அறிவோம். எனவே காட்டை ஒட்டிய நிலத்தில் மூங்கில் நடவேண்டாம். ஊரை ஒட்டிய நிலத்தில் நடுங்கள்.

இங்கே மற்றொன்றும் எண்ணத்தக்கது. இம்மலை 1988 முதல் சாம்பல் நிற அணில்களின் சரணாலயம். 2021 முதல் திருவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம். மலையிலுள்ள மூங்கில் அங்கு வாழும் உயிர்களின் பங்கு. நமக்கு வேண்டியதை நாமே நட்டுக்கொண்டால் அவற்றின் பங்கில் கைவைக்க நேராது. படைப்பைப் பேணுதல் என்று மறையுரையில் நாம் சொல்வது இதுவேயன்றி வேறென்ன?

நடுவோர் கவனத்திற்கு

முள்ளில்லா வகையைத் தேர்ந்துகொண்டால் வெட்டுவது எளிது. பருவமழைத் தொடக்கத்தில் புதருக்குப் புதர் பதினாறடி இடைவெளி விட்டு நடவேண்டும். முதல் இரண்டு கோடைகளிலும் தண்ணீர் ஊற்றி, ஆடு மாடு கடிக்காமல் வேலியிட வேண்டும். ஓடையின் நடுவில் நட்டால் நீரோட்டம் தடைப்படும். கரைமேல், நம் பட்டா எல்லைக்குள் நடுவதே முறை. வீட்டுச் சுவரையும் கிணற்றையும் விட்டுத் தள்ளி நடுக. கோடையில் காய்ந்த சருகு தீப்பற்றும் என்பதையும் மறவற்க.

நான்கைந்து ஆண்டுகளுக்குப் பின், முற்றிய கழிகளை மட்டும் மழை ஓய்ந்த காலத்தில் வெட்டலாம். இளங்கழிகளே அடுத்த குருத்துகளுக்கு ஊட்டம் தருவன, அவற்றைத் தொடலாகாது. வெட்டியதைச் சில வாரம் நீரில் ஊறப்போட்டால் எளிதில் உளுத்துப்போகாது.

இவற்றையெல்லாம் மகாராஜபுரத்து அன்பரிடம் சொன்னோம். "பார்ப்போம் சாமி" என்றார். கடந்த ஐப்பசியில் அவ்வழியே சென்றபோது தோப்பின் ஊர்ப்பக்கத்துக் கரையில் பத்துக் கன்றுகள் நின்றன. சாய்ந்த தென்னைகளில் ஒன்று அதற்குள் விழுந்துவிட்டது, மற்றது நிற்கின்றது. கன்றுகளுக்குக் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றிக்கொண்டிருந்தவள் அந்தக் கூடைக்காரப் பாட்டிதான்.

"இது முற்றுவதற்குள் நான் இருப்பேனோ என்னவோ சாமி. என் பேத்திக்கு முடையத் தெரியும்" என்றாள்.

நம் ஆலய வளாகத்தின் மூலையிலும் ஒரு புதருக்கு இடமுண்டு. வரும் பருவமழைக்குக் குழி எடுத்துவிடுவோமா?