ஓகே பிறந்த கதை



காலையில் எழுந்ததிலிருந்து எத்தனை முறை ‘ஓகே’ சொல்லியிருப்பீர்கள்? “கடைக்குப் போயிட்டு வா” என்கிறார் அம்மா. “ஓகேம்மா!” என்கிறீர்கள். அதற்குச் சரி என்று பொருள். ஓடும்போது விழுந்த தோழனிடம் “ஓகேவாடா?” என்றால், அடிபடவில்லையே என்று கேட்கிறீர்கள். “படம் எப்படி?” “ஏதோ ஓகே.” இங்கே பரவாயில்லை என்று பொருள். “ஓகே, புத்தகத்தை எடுங்க” என்று டீச்சர் சொன்னால், பாடம் தொடங்கிவிட்டது!

மாவடு, மாங்காய், மாம்பழம் எல்லாம் ஒரே மரத்தில் கிடைக்கிற மாதிரி, ஒரே சொல்லில் இத்தனை சுவை. குரலை மாற்றினால் பொருளும் மாறிவிடுகிறது. நீங்களே சொல்லிப் பாருங்கள். தெரிகிறதா?

சரி, இந்தச் சொல் எங்கே பிறந்தது? கேட்கத் தோன்றியதே, அதுவே பெரிய கெட்டிக்காரத்தனம்.

அமெரிக்கப் பழங்குடியினரான சோக்டா மக்களின் மொழியிலிருந்து வந்தது என்றார்கள் சிலர். ‘எல்லாம் நலம்’ என்பதற்குக் கிரேக்கர்கள் ‘ஓலா கலா’ என்பார்கள், அதுதான் சுருங்கியது என்றார்கள் வேறு சிலர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒலி ஒத்துப்போனால் மட்டும் போதுமா? போதாது. சான்று வேண்டும்.

சான்றைத் தேடிப் போனவர் ஆலன் வாக்கர் ரீட். நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். பழைய செய்தித்தாள்களைப் பொறுமையாகப் புரட்டினார். பாஸ்டன் நகரத்துச் செய்தித்தாள் ஒன்றில், 1839 மார்ச் 23 அன்று அச்சான ஒரு வேடிக்கைக் குறிப்பில் ‘ஓகே’ இருந்தது! பக்கத்திலேயே ‘ஆல் கரெக்ட்’, அதாவது ‘எல்லாம் சரி’ என்று பொருளும் போட்டிருந்தார்கள்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். ‘ஆல்’ என்பதன் முதல் எழுத்து ஏ. ‘கரெக்ட்’ என்பதன் முதல் எழுத்து சி. அப்படியானால் ‘ஏசி’ என்றுதானே வரவேண்டும்?

சபாஷ், சரியாகப் பிடித்தீர்கள்! அந்தக் காலத்தில் பாஸ்டன் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு விளையாட்டு. சொற்களை வேண்டுமென்றே பிழையாக எழுதி, அந்தப் பிழையின் முதல் எழுத்துகளைச் சேர்ப்பார்கள். ‘ஆல்’ என்பதை ஓ எழுத்தில் தொடங்கினார்கள். ‘கரெக்ட்’ என்பதைக் கே எழுத்தில் தொடங்கினார்கள். கிடைத்தது ஓகே. ‘ஆல் ரைட்’ என்பதைக்கூட இதே முறையில் ‘ஓ டபிள்யூ’ ஆக்கினார்கள். இன்று அதை யாராவது சொல்கிறார்களா? இல்லையே!

பிறகு ஓகே மட்டும் எப்படிப் பிழைத்தது? அதற்குக் கைகொடுத்தது ஒரு தேர்தல். 1840இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் மார்ட்டின் வான் பியூரன் மறுபடியும் போட்டியிட்டார். அவர் பிறந்த ஊர் கிண்டர்ஹூக். அதனால் ‘ஓல்ட் கிண்டர்ஹூக்’ என்று அவருக்கு ஒரு செல்லப்பெயர். அதன் முதல் எழுத்துகளைச் சொல்லுங்கள் பார்ப்போம். ஓ, கே! ஆதரவாளர்கள் ஓகே சங்கங்கள் வைத்தார்கள். எதிர்க்கட்சியினர் அதே எழுத்துகளை வைத்துக் கேலி செய்தார்கள். இரண்டு பக்கமும் சேர்ந்து சொல்லை நாடெங்கும் பரப்பிவிட்டன. வான் பியூரன் தோற்றார். ஓகே ஜெயித்தது! பின்னாளில் தந்தி வந்தபோது, ‘செய்தி சரியாகக் கிடைத்தது’ என்று தெரிவிக்க இந்த இரண்டு எழுத்துகளே வசதியாக இருந்தன.

எனக்கு ரீட் அவர்களை ரொம்பப் பிடிக்கும். ஏன் தெரியுமா? 1941இல் அவரே, அந்த ‘ஓல்ட் கிண்டர்ஹூக்’ தேர்தலில்தான் ஓகே பிறந்தது என்று எழுதியிருந்தார். பிறகு அதைவிடப் பழைய சான்று கையில் கிடைத்தது. தான் சொன்னதை மறைக்காமல் திருத்தி, 1960களில் மறுபடி எழுதினார். உண்மையான அறிவியல் ஆய்வு இப்படித்தான் நடக்கும்.

உங்கள் வகுப்பிலும் இன்று புதுப்புதுச் சொற்கள் புழங்கும். பெரியவர்களுக்கு அவை புரியவே புரியாது. அவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எந்தத் தேதியில், யார் சொல்லிக் கேட்டீர்கள், என்ன பொருளில் சொன்னார்கள் என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள். இன்றே தொடங்குங்கள், ஓகேவா?