கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு சின்னக் குளம்



நெய்வேலி டவுன்ஷிப்புக்கோ பண்ருட்டிக்கோ போகும் பிள்ளைகள், திரும்பி வரும்போது பாலித்தீன் பையில் நாலு வண்ண மீனோடு வருவதைப் பார்த்திருப்பீர்கள். அன்றைக்கே ஒரு தொட்டி, அன்றைக்கே தண்ணீர், அன்றைக்கே மீன். ஒரு வாரம் ஓடும். அப்புறம் ஒவ்வொன்றாக மல்லாந்து மிதக்கும். "மீனுக்கு ஏதோ சீக்கு" என்று சொல்லித் தொட்டியைப் பரண் மேல் ஏற்றிவிடுவோம். சீக்கு மீனுக்கு இல்லீங்க. தொட்டி இன்னும் பக்குவப்படவில்லை, அவ்வளவுதான்.

நாற்றங்காலைத் தயார் பண்ணாமல் நாம் விதை விடுவோமா? மீன் தொட்டியும் அப்படித்தான். முதலில் மண், பிறகு செடி, பிறகு காத்திருப்பு, கடைசியில்தான் மீன். முத்தாண்டிக்குப்பம் மாதிரி முந்திரிக்காட்டு ஊரில், கையில் கிடைக்கிற பொருளை வைத்து இதை எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

மீன் ஏன் சாகிறது?

மாட்டுக் கொட்டகையைக் காலையில் கூட்டப் போனால் மூக்கில் ஏறுகிற நெடி இருக்கிறதே, அதுதான் அம்மோனியா. மீனும் தன் செவுள் வழியாக இதைத் தண்ணீரில் விட்டுக்கொண்டே இருக்கும். தின்னாமல் மிஞ்சின தீனி அழுகினாலும் இதுதான் வரும். ஏரியில் தண்ணீர் அதிகம், தெரியாது. தொட்டியில் தண்ணீர் கொஞ்சம். மீன் தன் கழிவிலேயே வெந்துபோகிறது.

வயலில் போட்ட யூரியா என்ன ஆகிறது? முதலில் அம்மோனியாவாக மாறுகிறது. பிறகு மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், அதற்கப்புறம் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டைப் பயிர் எடுத்துக்கொள்கிறது. அதே வகை நுண்ணுயிர்கள்தான் தொட்டியையும் காப்பாற்ற வேண்டும். அம்மோனியா விஷம், நைட்ரைட்டும் விஷம். நைட்ரேட்டோ அளவோடு இருந்தால் மீனுக்குத் தீங்கில்லை, செடிக்கும் அது தழைச்சத்து. இந்த நுண்ணுயிர்கள் மணலிலும் கல்லிலும் ஸ்பாஞ்சிலும் ஒட்டிப் பெருக நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். பச்சைச் சாணத்தைப் பயிருக்கு வைக்காமல் மக்கவிட்டு வைக்கிறோமே, அந்தப் பொறுமைதான் இங்கேயும் வேண்டும்.

செடியின் உதவி புதுசா கண்டுபிடித்தது இல்லை. 1850-இல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியல் அறிஞர், ஒரு தொட்டியில் இரண்டு தங்க மீனையும், நாடா மாதிரி நீளமாக வளரும் வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியையும் வைத்துப் பார்த்தார். பழுத்து அழுகின இலை தண்ணீரைக் கெடுத்தது. குளத்து நத்தைகளைப் பிடித்து விட்டார். அவை அழுகலைத் தின்றன, தண்ணீர் தெளிந்தது. செடி, மீன், நத்தை மூன்றும் ஒன்றை ஒன்று தாங்கும் என்பதை அவர் எழுதிவைத்தார்.

தொட்டியும் இடமும்

இரண்டு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் உள்ள கண்ணாடித் தொட்டி முதல் தடவைக்குப் போதும். விளிம்பு வரை ஊற்றினால் 56 லிட்டர் பிடிக்கும். மண்ணும் மேலிடமும் போக 45 லிட்டர் தண்ணீர் நிற்கும். சின்னக் குடுவை மலிவாக இருக்கிறதே என்று வாங்காதீங்க. தண்ணீர் குறையக் குறைய விஷம் சீக்கிரம் ஏறும்.

எல்லாம் நிரம்பினால் தொட்டி ஒரு பெரிய நெல் மூட்டை கனம் இருக்கும். ஆடாத, மட்டமான பலகை அல்லது மேடை வேண்டும். அடியில் ஒரு தெர்மோகோல் தகடு போட்டால் கண்ணாடி விரிசல் விடாது. நேர் வெயில் படும் ஜன்னலோரம் வேண்டாம். பாசி பிடித்துப் பச்சைத் தண்ணியாகிவிடும், கோடையில் தண்ணீரும் சுடும். நிழலான இடத்தில் வைத்து, ஒரு எல்.இ.டி. விளக்கைத் தினம் 7, 8 மணி நேரம் எரியவிடுங்கள்.

மண், தண்ணீர், செடி

அடியில் ஒரு அங்குலம் சலித்த செம்மண். நம்ம ஊர்ச் செம்மண்ணில் இரும்புச் சத்து உண்டு, செடிக்கு நல்லது. ஆனால் உரமோ மருந்தோ விழாத இடத்து மண்ணாக இருக்கணும். அதன் மேல் இரண்டு அங்குலம் ஆற்று மணல், கழுவின தண்ணீர் தெளிகிற வரை அலசிப் போடவும். சிப்பி கலந்த கடல் மணல் தண்ணீரைக் கடினமாக்கும், அது வேண்டாம். சோப்பு, பவுடர் எதுவும் தொட்டிப் பக்கமே வரக்கூடாது.

அடுத்து தண்ணீர். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு ஊற்று நீர் நிற்கிறது. அதை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் நடக்கும். இறைத்த நீரில் ஒரு பகுதி வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் பாசனத்துக்குப் போகிறது. நம்ம ஆழ்துளைக் கிணறுகளிலும் ஆழத்துத் தண்ணீர்தான் வருகிறது. ஆழத்துத் தண்ணீரில் பிராணவாயு குறைவு. சில இடங்களில் இரும்பும் இருக்கும், சற்று நேரத்தில் செந்நிறமாகக் கலங்கும். எனவே தண்ணீரைப் பிடித்து ஒரு நாள் திறந்து வையுங்கள். நடுவில் நாலைந்து தடவை மொண்டு மொண்டு ஊற்றுங்கள். அடியில் படிந்ததை விட்டு மேல் தண்ணீரை எடுங்கள். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீருக்கும் இதே வைத்தியம்தான்.

மணல் மேல் ஒரு தட்டை வைத்து, அதன் மேல் மெதுவாக ஊற்றினால் மண் கலங்காது. பாதி நிரம்பியதும் செடி நடவும். குளத்து வேலம்பாசி சீக்கிரம் வளரும், கழிவை இழுக்கும். கடையில் வாலிஸ்னேரியா கிடைக்கும். பின்பக்கமாக வரிசையாக நடுங்கள், குருத்து மண்ணுக்குள் புதையக் கூடாது. குளத்துச் செடியை ஒரு வாரம் தனி வாளியில் போட்டு வைத்துப் பாருங்கள். அட்டையும் தட்டான் புழுவும் அதில் ஒளிந்து வரும். தட்டான் புழு மீன் குஞ்சைப் பிடித்துத் தின்னும்.

காற்றுக் குழாயில் ஓடும் ஸ்பாஞ்சு வடிகட்டி ஒன்று போதும். அதை இரவும் பகலும் ஓடவிடணும். செடி வெளிச்சத்தில்தான் பிராணவாயு தரும். இருட்டினால் அதுவும் மீனோடு சேர்ந்து பிராணவாயுவை எடுக்கும்.

காத்திருக்கும் நாட்கள்

இப்போது தொட்டி பார்க்க அழகாக இருக்கும், கை துறுதுறுக்கும். மீன் விடாதீங்க! இரண்டு நாளைக்கு ஒரு முறை ஒரு சிட்டிகை மீன் தீனி மட்டும் போடுங்கள். அது அழுகி அம்மோனியா வரும், அதைத் தின்று நுண்ணுயிர் பெருகும். நன்றாக ஓடுகிற தொட்டி யாரிடமாவது இருந்தால், அவர்கள் ஸ்பாஞ்சைப் பிழிந்த அழுக்குத் தண்ணீரை வாங்கி ஊற்றுங்கள். பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரி வேலை செய்யும்.

அம்மோனியாவும் நைட்ரைட்டும் பார்க்கச் சோதனை மருந்து கடையில் விற்கிறது. இரண்டும் இல்லை என்று காட்டினால் தொட்டி தயார். சோதனைக்கு வழியில்லையா? ஆறு வாரம் முழுசாகக் காத்திருங்கள். செடி புது இலை விட்டிருக்க வேண்டும். பிறகு மூன்றே மீன் விடுங்கள். இரண்டு வாரம் கழித்து இன்னும் மூன்று. மொத்தம் எட்டு, பத்துச் சின்ன மீன் போதும்.

கொசுப் புழுவைத் தின்னக் கிணற்றில் விடுகிற கப்பி மீன் உங்களுக்குத் தெரியும். முதல் தொட்டிக்கு அது ஏற்றது. குட்டி போட்டுப் பெருகும், அதனால் ஆண் மீனை மட்டும் வாங்கினால் கூட்டம் சேராது. வரி போட்ட ஜீப்ரா மீனும் தாங்கும். தங்க மீன் பெரிதாக வளரும், கழிவும் அதிகம். இந்த அளவுத் தொட்டிக்கு வேண்டாம். வாங்கி வந்த பையைக் கால் மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் ஊற்றி, பிறகு வலையால் மீனை மட்டும் எடுத்து விடவும். மேலே வலை மூடி அவசியம்.

தினமும் வாரமும்

இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற தீனி, நாளைக்கு இரண்டு வேளை. சோறு, இட்லி போடக்கூடாது. வாரம் ஒரு நாள் பட்டினி போட்டால் நல்லதுதான். வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீரை எடுத்துவிட்டு, ஆறவைத்த தண்ணீரை ஊற்றுங்கள். எடுத்த தண்ணீரைக் கருவேப்பிலைச் செடிக்கு ஊற்றலாம், தழைச்சத்து உள்ள தண்ணீர் அது. ஸ்பாஞ்சையும் அந்தத் தண்ணீரிலேயே பிழியுங்கள். தொட்டியை மொத்தமாகக் காலி பண்ணித் தேய்த்துக் கழுவினால், ஆறு வாரம் வளர்த்த நுண்ணுயிர் போச்சு. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கணும். கரண்ட் போனால் தீனி போடாதீங்க. டம்ளரால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருங்கள்.

இரண்டு எச்சரிக்கை

முந்திரியில் தேயிலைக் கொசுவுக்கு மருந்து அடித்த கையோடு தொட்டியைத் தொடாதீர்கள். பைரித்ராய்டு வகை மருந்து துளி பட்டாலும் மீன் பிழைக்காது. மருந்து கலக்கிய வாளி தொட்டிக்கு ஆகவே ஆகாது. அந்த வாளியை ஏரியிலோ வாய்க்காலிலோ கழுவினால் அங்கேயும் இதே கதிதான்.

இன்னொன்று. வளர்க்க முடியவில்லை என்று வெளிநாட்டு மீனையும் செடியையும் ஏரியில் கொட்டாதீர்கள். நம் ஏரிகளை மூடிக் கிடக்கிற வெங்காயத்தாமரை, அழகுச் செடியாக வெளிநாட்டிலிருந்து வந்ததுதான். தொட்டியைச் சுத்தம் பண்ணும் என்று விற்கிற சக்கர் மீனும் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் புகுந்துவிட்டது. வேண்டாத மீனைக் கடையிலோ, வளர்க்கிற வேறொருவரிடமோ கொடுத்துவிடுங்கள்.

பிள்ளைகள் மீன் கேட்டால், முதலில் செடி நடச் சொல்லுங்கள். ஆறு வாரம் தினம் தொட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள். கழிவு உரமாவதையும், உரம் இலையாவதையும் அவர்கள் கண்ணாடி வழியாகவே பார்ப்பார்கள். நம் வயலில் மண்ணுக்குள் நடப்பதும் அதுதான்.