எதிர்பார்ப்பின் நான்கு முகங்கள்

வருங்காலத்தை நோக்கி மனம் செல்லுங்கால், தமிழில் நாம் பெரும்பாலும் ‘எதிர்பார்’ என்னும் ஒரு வினையையே ஆள்கிறோம். ‘தங்கள் மறுமொழியை எதிர்பார்க்கிறேன்’ என்பது நமக்குப் பணிவான முடிப்பு. அதனையே ‘எக்ஸ்பெக்ட்’ என்னும் வினையால் ஆங்கிலமாக்கினால், பணிவு மறைந்து அதிகாரத் தொனி புகுந்துவிடும். வேலைக்கு விண்ணப்பம் எழுதும் மாணவர்க்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

‘எக்ஸ்பெக்ட்’ காரணத்தைப் பற்றி நிற்பது. கார்முகில் கண்டு மழையை எதிர்பார்க்கிறோம். விருப்பு வெறுப்புக்கு அங்கு இடமில்லை. தோல்வியையும் இவ்வினையால் குறிக்கலாம். ஆனால், ஒருவர் ஒன்றைச் செய்வார் என இவ்வினையால் கூறும்போது அது கடமையை வலியுறுத்துவதாகிறது.

இதற்கு வரலாற்றிலும் சான்றுண்டு. 1805 அக்டோபர் 21 அன்று, டிரஃபால்கர் கடற்போர் தொடங்குமுன் நெல்சன் தம் படையினர்க்குக் கொடிகளால் செய்தி விடுத்தார். ஒவ்வொருவரும் தம் கடமையைச் செய்வர் என இங்கிலாந்து உறுதியாக நம்புகிறது என்பதே அவர் முதலில் கருதியது. அதற்குரிய ‘கன்ஃபைட்ஸ்’ என்னும் சொல்லை எழுத்தெழுத்தாகக் காட்ட வேண்டும். ‘எக்ஸ்பெக்ட்ஸ்’ என்பதற்கோ குறிநூலில் தனிக்குறி இருந்தது. நேரம் கருதிக் கொடி அதிகாரி பாஸ்கோ மாற்றம் வேண்ட, நெல்சன் இசைந்தார். நம்பிக்கை மொழியாகப் பிறந்தது, கடமையை நினைவூட்டும் மொழியாயிற்று.

‘ஹோப்’ விருப்பத்தைப் பற்றி நிற்பது. மருத்துவர் கைவிட்ட பின்னரும் நோயாளி பிழைப்பார் என உற்றார் ‘ஹோப்’ செய்யலாம்; ‘எக்ஸ்பெக்ட்’ செய்தல் அரிது.

‘லுக் ஃபார்வர்ட் டு’ என்பது வரவிருப்பதை மகிழ்ச்சியோடு நோக்கியிருத்தல். விடுமுறைக்கு இது பொருந்தும். பல் பிடுங்கும் நாளுக்குப் பொருந்தாது. இதிலுள்ள ‘டு’ முன்னிடைச்சொல்லாதலின், அதன்பின் ‘மீட்’ என்னாது ‘மீட்டிங்’ என்றே எழுதுதல் வேண்டும்.

‘ஆன்டிசிபேட்’ என்பதன் இலத்தீன் மூலம் ‘முன்னரே கைக்கொள்ளல்’ எனப் பொருள்படும். எதிரியின் நகர்வை முன்னுணர்ந்து தன் காயை நகர்த்தும் சதுரங்க வீரரின் செயல் இது. இன்று ‘எக்ஸ்பெக்ட்’ என்னும் பொருளிலும் இது பரவலாக வழங்குகிறது. எனினும், முன்னேற்பாட்டையும் உள்ளடக்கிய பழம்பொருளைக் காப்போரும் உளர்.

காரணம், விருப்பம், மகிழ்ச்சி, முன்னேற்பாடு என இந்நான்கையும் நெஞ்சில் நிறுத்துக. விண்ணப்பத்தின் இறுதி வரியில் ‘எக்ஸ்பெக்ட்’ நீக்கி, ‘லுக் ஃபார்வர்ட் டு’ அமைத்தால், கேட்கும் முறையிலேயே எழுதியவரின் பண்பு விளங்கும்.