கை கூறும் கணக்கு

1918-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் இண்டியானா மாநிலத்துப் பெட்ஃபோர்டில், காற்றழுத்தச் சுத்தியல் பிடித்துச் சுண்ணாம்புக்கல் செதுக்கியோரின் விரல்கள் குளிரில் வெளிறி மரத்துப்போவதை மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் ஆராய்ந்தார். கருவியின் அதிர்வு குருதி நாளங்களையும் நரம்புகளையும் தாக்குவதால் நேரும் நோய் இது. 1986-இல் வகுக்கப்பெற்ற ஸ்டாக்ஹோம் அளவுகோல் இவ்விரு பாதிப்புகளையும் தனித்தனியே படிநிலைப்படுத்துகிறது. ஆயினும், விரலின் நிலையை அளந்தால் வாழ்வின் இடரையும் அளந்தோம் ஆவோமா?

இக்குறையை நிறைக்க முனைவது 1996-இல் வெளிவந்த 'டேஷ்' வினாப்பட்டியல். இறுகிய மூடியைத் திறத்தல், சாவியைத் திருப்புதல், எழுதுதல் என நாம் எண்ணாமலே செய்யும் செயல்களில் எய்தும் இடர்ப்பாட்டை 30 வினாக்களால் உழைப்பாளியிடமே கேட்கிறது. விடைகள் 0 முதல் 100 வரையிலான மதிப்பெண்ணாகின்றன; மதிப்பெண் உயர உயர இயலாமையும் மிகும். தோள்வலியும் இதனை உயர்த்தும் என்பதால் மருத்துவச் சோதனையும் உடன் வேண்டும். கருவி காட்டுவதோடு கைக்குரியவன் கூறுவதையும் கேட்டால்தான் அளவை முழுமையுறும் என்பதை நாம் உணர்தல் வேண்டும்.