பட்டை ஏறியது, பீங்கான் ஏன் உடைந்தது?

விருத்தாசலம் என்றதும் பெரியவர்களுக்குப் பழமலைநாதர் கோயிலும் ரயில்வே ஜங்ஷனும் நினைவுக்கு வரும். வயரிங் வேலை பார்க்கும் அண்ணன்களைக் கேட்டால் பீங்கான் ஃபியூஸ் கட்டை என்பார்கள். அகல் விளக்கு, பொம்மை, ஜாடி, ஃபியூஸ் கட்டை என்று விதவிதமாகப் பீங்கான் சாமான்கள் செய்யும் செராமிக் தொழிற்பேட்டை இந்த ஊரில் இருக்கிறது. செராமிக் டிப்ளமா படிக்க அரசுத் தொழில்நுட்ப நிறுவனமும் இருக்கிறது. பக்கத்திலேயே நெய்வேலி. அங்கே பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணை அகற்றும்போது வெள்ளைக் களிமண்ணும் கிடைக்கிறது.

களிமண் உள்ளே வரவேண்டும், செய்த சாமான் வெளியே போகவேண்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. வரும் சரக்கு பெரும் பாரம், ஆனால் உடையாது. போகும் சரக்கு வைக்கோல் சுற்றிய லேசான சரக்கு, ஆனால் தட்டினால் உடையும். இரண்டையும் ஒரே பிக்கப் வண்டி சுமந்தால் என்ன ஆகும்? அப்படி ஒரு வண்டியையும், அதை ஓட்டும் ஓர் அண்ணனையும் கற்பனை செய்துகொள்வோம்.

களிமண் ஏற்றி ஏற்றி வண்டியின் பின்பக்கம் தாழ்ந்துவிட்டது. “பட்டை உக்காந்துடுச்சு” என்று அண்ணன் பட்டறைக்குப் போகிறார். பட்டை என்றால் கமான் பட்டை. பிக்கப்பின் பின் அச்சுக்கு மேலே, வில்லாக வளைந்த எஃகுத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும், குனிந்து பாருங்கள். நடுவில் சென்டர் போல்ட். அடுக்கை அச்சோடு இறுக்கிப் பிடிப்பவை யூ போல்ட்டுகள். பட்டறையில் 7 மி.மீ. தகடுகளைக் கழற்றிவிட்டு, அதே எண்ணிக்கையில் 8 மி.மீ. தகடுகளை, கூடுதலாக வளைத்து மாட்டினார்கள். பின்பக்கம் 10 செ.மீ. உயர்ந்தது. வண்டி பார்க்க ஜம்மென்று இருந்தது.

ஒரு வாரத்தில் அண்ணன் மறுபடி பட்டறை வாசலில்.

“அண்ணே, ஏத்துனதுல இருந்து வண்டி தூக்கித் தூக்கி அடிக்குது. ஜாடியெல்லாம் விரிசல் விடுது. அறுபதுல போனா அடியில கொர்ருனு ஒரு சத்தம். ஸ்டீயரிங் வேற தானா திரும்பி வர மாட்டேங்குது.”

“உயரத்த மட்டும்தானப்பா ஏத்துனோம்!” என்கிறார் மெக்கானிக்.

அங்கேதான் சிக்கல். உயரத்தை மட்டும் ஏற்ற முடியவே முடியாது. ஒவ்வொரு புகாராகப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் ஜாடி. 7 மி.மீ.க்கும் 8 மி.மீ.க்கும் வித்தியாசம் ஒரே ஒரு மில்லிமீட்டர். ஆனால் தகட்டின் விறைப்பு, தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 7×7×7 = 343. 8×8×8 = 512. 512-ஐ 343-ஆல் வகுத்தால் ஏறக்குறைய ஒன்றரை. பழைய பட்டையைவிடப் புதிய பட்டை ஒன்றரை மடங்கு விறைப்பு! ஒரே சரக்கு, ஜாடி லோடு என்று வையுங்கள், பழைய பட்டையை 9 செ.மீ. அமுக்கியது என்றால் புதிய பட்டையை 6 செ.மீ.தான் அமுக்கும்.

இந்த 6-ஐயும் 9-ஐயும் குறித்துக்கொள்ளுங்கள். பட்டை எத்தனை செ.மீ. அமுங்கியிருக்கிறது என்று தெரிந்தால், வண்டி நொடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆடும் என்று சொல்லிவிடலாம். அமுங்கிய அளவின் வர்க்கமூலத்தால் 5-ஐ வகுத்தால் போதும். 9-க்கு வர்க்கமூலம் 3. ஐந்தை மூன்றால் வகுத்தால் 1.7. புதிய பட்டைக்கு ஏறக்குறைய 2. அதாவது ஆட்டம் வேகமாகிவிட்டது.

இதைவிட அழகான கணக்கு ஒன்று உண்டு. ஆடும் வண்டியின் தளம் கீழே இறங்கும்போது ஜாடியும் கூடவே இறங்கவேண்டும். ஜாடியைக் கீழே இழுப்பது புவியீர்ப்பு மட்டும்தான். தளம் அதைவிட விரைவாகக் கீழே போனால் ஜாடி அந்தரத்தில் நின்றுவிடும், பிறகு ‘டங்’ என்று விழும். இது எப்போது நடக்கும்? சரக்கோடு நிற்கும் வண்டியின் பட்டை எத்தனை செ.மீ. அமுங்கியிருக்கிறதோ, அத்தனை செ.மீ.க்கு மேல் தளம் எழும்பும்போது! பழைய பட்டையில் 9 செ.மீ. எழும்பினால்தான் ஜாடி குதிக்கும். புதியதில் 6 செ.மீ. போதும். வேகத்தடையும் குழியும் அதே வேகத்தடை, அதே குழிதான். ஜாடிக்கு இருந்த பாதுகாப்பு எல்லையில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. 1,200 டிகிரிக்கு மேல் சுட்ட பீங்கான் அமுக்கத்தைத் தாங்கும், எஃகைப்போல வளைந்துகொடுக்கத் தெரியாது. பொடி விரிசல் விழுந்தால் அடுத்த தட்டில் அது நீளும்.

நீங்களே செய்து பார்க்கலாம். 30 செ.மீ. எஃகு ஸ்கேலை மேசை விளிம்புக்கு வெளியே 25 செ.மீ. நீட்டி, மேசைமேல் உள்ள பகுதியைக் கையால் அழுத்திப் பிடியுங்கள். நுனியில் ஒரு ரூபாய் நாணயத்தை வையுங்கள். நுனியை லேசாக அமுக்கி விட்டால் நாணயம் ஸ்கேலோடு ஆடும். இப்போது வெளியே நீட்டிய நீளத்தை 12 செ.மீ. ஆக்கி, அதே அளவு அமுக்கி விடுங்கள். நாணயம் துள்ளும். கண்ணாடி போட்டவர்கள் போட்டபடியே செய்யலாம், மற்றவர்கள் முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

ஜாடிக்கு வைத்தியம் என்ன? பழைய பட்டையைத் திரும்ப மாட்டி, அதன்மேல் ‘ஹெல்பர் பட்டை’ வைப்பது. இது சாதாரண லோடில் எதையும் தொடாமல் சும்மா இருக்கும். களிமண் பாரம் ஏறி வண்டி தாழ்ந்த பிறகுதான் முட்டுக்கொடுக்கும். ஜாடிக்கு மெத்தென்றும் களிமண்ணுக்கு விறைப்பாகவும் ஒரே வண்டி ஓடும். ஆனாலும் ஆர்.சி. புத்தகத்தில் போட்ட எடைக்கு மேல் ஏற்ற எந்தப் பட்டையும் அனுமதிச் சீட்டு ஆகாது.

அடுத்தது அந்தக் ‘கொர்ர்’ சத்தம். இதைச் சொல்ல 17ஆம் நூற்றாண்டுக்கு ஒரு நடை போய்வரவேண்டும். இங்கிலாந்தில் ராபர்ட் ஹூக் என்று ஒருவர். ஸ்பிரிங்கை எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு எதிர்விசை தரும் என்ற விதி அவருடையது. வேறு யாரும் முந்திக்கொள்ளக்கூடாது என்று, 1676-இல் வந்த ஒரு புத்தகத்தின் கடைசியில் அந்த விதியை எழுத்துகளைக் கலைத்துப்போட்ட புதிராக அச்சிட்டார். 1678-இல்தான் விடையைச் சொன்னார். விஞ்ஞானிகளும் விடைத்தாளை மறைத்து எழுதும் பிள்ளைகள்தான்! புதிர் வந்த அதே புத்தகத்தில் இன்னொரு கருவியையும் அவர் விளக்கியிருந்தார். சுழலும் இரண்டு தண்டுகளைக் கோணலாக இணைக்கும் மூட்டு அது. நம் பிக்கப்பின் கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் நீளத் தண்டின் இரு முனையிலும் இந்த மூட்டுத்தான் இருக்கிறது. பட்டறையில் ‘கிராஸ்’ என்பார்கள். அண்ணனின் வண்டியில் பட்டையும் ஹூக், கொர்ர் சத்தமும் ஹூக்.

இந்த மூட்டு கோணலாக இருக்கும்போது ஒரு குறும்பு செய்யும். ஒரு பக்கம் சீராகச் சுழன்றாலும் மறுபக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை முந்தி, இரண்டு முறை பிந்தும். அதனால்தான் இரண்டு மூட்டு. முதல் மூட்டு செய்யும் கோளாறை இரண்டாவது மூட்டு நேராக்கும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை: இரண்டு கோணமும் சமமாக இருக்கவேண்டும். பின்பக்கத்தை ஏற்றியதும் கோணங்கள் மாறி, அந்தச் சமம் குலைந்துவிட்டது, கணக்கு உதைக்கிறது.

சத்தம் சக்கரத்திலிருந்தா, தண்டிலிருந்தா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 60 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் போகும். சக்கரத்தின் சுற்றளவு 2.1 மீட்டர் என்றால் நொடிக்கு 8 சுற்று. அதுதான் கோளாறு என்றால் ஸ்டீயரிங்கும் சீட்டும் கடகடவென்று உதறும். சக்கரம் ஒரு சுற்று சுற்றத் தண்டு நாலு சுற்று சுற்றுகிறது என்று வைத்தால், தண்டுக்கு 32 சுற்று. ஒரு சுற்றுக்கு இரண்டு அதிர்வு, ஆக 64. இவ்வளவு விரைவான அதிர்வை எண்ணமுடியாது, ரீங்காரமாகத்தான் காதில் விழும். அண்ணன் சொன்னது கொர்ர் சத்தம். அதனால் சந்தேகம் மூட்டுக் கோணத்தின்மேல். அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் சரியான சரிவுள்ள எஃகு ஆப்பு வைத்துக் கோணத்தைச் சமன் செய்தால் சத்தம் அடங்கும். நல்ல மெக்கானிக் ஆப்பு வைக்குமுன் கோணத்தை அளந்து பார்ப்பார்.

ஸ்டீயரிங் விஷயம் எளிது. முன்சக்கரம் திரும்பும் அச்சு கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வுதான் திருப்பிய ஸ்டீயரிங்கை நேராகத் திரும்பி வரவைக்கிறது. பின்பக்கம் தூக்கினால் வண்டி முன்னால் குனியும், சாய்வு குறையும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 3 மீட்டர் என்றால் 10 செ.மீ. ஏற்றம் ஏறக்குறைய 2 டிகிரி. கேட்க அற்பம். ஆனால் அந்தச் சாய்வே பல வண்டிகளில் சில டிகிரிதான். ஹெட்லைட்டும் இதே அளவு குனிந்துவிடும். முன்பு தூரத்தைக் காட்டிய வெளிச்சம் இப்போது இருபத்துச் சொச்சம் மீட்டரிலேயே தரையில் விழும். உளுந்தூர்பேட்டை சாலையில் இரவில் ஓட்டுபவருக்கு இது விளையாட்டில்லை.

பட்டை ஏற்றிய வண்டியில் வேறு சத்தங்களும் வரலாம். குழியில் சக்கரம் இறங்கும்போது மட்டும் ‘டொக்’ என்று கேட்டால் ஷாக் அப்சார்பர் நீளம் பற்றவில்லை. கிளட்ச் விட்டு வண்டி கிளம்பும்போது கேட்டால் யூ போல்ட்டைப் பாருங்கள். புதுப் பட்டை கொஞ்சம் ஓடியதும் படிந்து உட்காரும், போல்ட் தளரும். மறுபடி முடுக்காமல் விட்டால் சென்டர் போல்ட் அறுந்து அச்சே நகர்ந்துவிடும். அப்படி அச்சு நகர்ந்த வண்டியைப் பின்னாலிருந்து பார்த்தால் நண்டு நடப்பதுபோல ஒருபக்கமாகப் போகும்.

முன்னும் பின்னும் சேர்த்து ஏற்றுகிறவர்களும் உண்டு. அவர்களுக்குக் குனியும் தொல்லை இல்லை, கவிழும் ஆபத்து உண்டு. இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் நடுவே உள்ள அகலத்தில் பாதி 70 செ.மீ., வண்டியின் ஈர்ப்பு மையத்தின் உயரமும் 70 செ.மீ. என்று வையுங்கள். பாதி அகலத்தை உயரத்தால் வகுத்தால் 1. உயரத்தை 80 ஆக்கினால் எட்டில் ஏழு. வளைவில் கவிழாமல் நிற்கும் திறனில் எட்டில் ஒரு பங்கு காலி. ஜாடிப் பெட்டிகளை உயரமாக அடுக்கினால் இன்னும் குறையும்.

அண்ணன் புகார் சொல்லாத ஒரு கோளாறு பாக்கி இருக்கிறது. அதுதான் எல்லாவற்றிலும் மோசம், ஏனென்றால் அது சத்தமே போடாது.

பிரேக் பிடித்தால் பாரம் முன்னால் சாயும். காலி வண்டியில் பின்சக்கரங்கள் லேசாகி, அப்படியே பூட்டிக்கொண்டு வழுக்கும். அதைத் தடுக்கப் பல பிக்கப்களில் ஒரு வால்வு வைத்திருக்கிறார்கள். சுருக்கமாக எல்.எஸ்.பி.வி. என்பார்கள். அது சேஸிஸில் இருக்கும், அதிலிருந்து ஒரு கம்பி பின் அச்சுக்குப் போகும். வண்டியில் பாரம் எவ்வளவு என்று வால்வுக்குத் தெரியாது. சேஸிஸுக்கும் அச்சுக்கும் உள்ள இடைவெளிதான் தெரியும். இடைவெளி அதிகம் என்றால் “காலி வண்டி” என்று முடிவு செய்து பின்பிரேக்கைக் குறைக்கும். இப்போது யோசியுங்கள். பட்டையை ஏற்றி இடைவெளியை 10 செ.மீ. கூட்டிவிட்டோம். முழு லோடு களிமண் ஏற்றினாலும் வால்வு பாரம் குறைவு என்றே நம்பும். பின்சக்கரம் நன்றாகப் பிடிக்கவேண்டிய நேரத்தில் பிடிக்காது, முன்பிரேக் தலையில் எல்லா வேலையும் விழும், வண்டி நிற்கத் தூரம் கூடும். பிரேக் ஹோஸ் நீளம் பற்றாமல் இழுபடுகிறதா என்றும் கூடவே பார்க்கவேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. சட்டம் என்னவோ தடுக்கிறதே என்று சலித்துக்கொள்பவர்களுக்கு அந்த வால்வுக் கம்பியைக் காட்டலாம்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது பிக்கப்புக்குப் பட்டை ஏற்றியிருந்தால் இன்றைக்கே ஒரு கேள்வி கேளுங்கள்: “எல்.எஸ்.பி.வி. கம்பிய மறுபடி செட் பண்ணியாச்சா மாமா?” இல்லை என்றால், அடுத்த லோடு ஏற்றுமுன் கம்பெனி சர்வீஸுக்குக் கொண்டுபோய்க் காட்டச் சொல்லுங்கள்.