கரிசலின் பச்சைச் சிலம்பி

சிலந்தி என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது வலையே. பழந்தமிழர் அதனைச் சிலம்பி என்றனர். அதன் நூலையும் வியந்து நோக்கினர். திருக்குர்ஆனின் 29ஆம் அத்தியாயமும் சிலந்தியின் பெயரைத் தாங்கி, அதன் வீட்டின் வலுவின்மையை உவமையாகக் காட்டுகிறது. ஆயின், இரைக்கென வலை பின்னாது, செடியையே வேட்டைக்களமாகக் கொண்டு வாழும் சிலந்திகளும் உண்டு. கோவில்பட்டி வட்டாரத்துப் பருத்திக் காட்டில் இறங்கிக் கூர்ந்து நோக்குவோர், இலைக்கும் பூவுக்கும் இடையே அவற்றைக் காணலாம்.

லின்க்ஸ் என்னும் காட்டுப்பூனையின் பெயரால் இவ்வினத்தை அறிவியலார் லின்க்ஸ் சிலந்தி என்பர். இதில் பச்சை நிறத்ததாகிய பியூசெட்டியா விரிடானா என்பதனை ஸ்டோலிச்கா என்னும் அறிஞர் 1869இல் விவரித்தார். இலையின் நிறமே இதன் போர்வை. கண்கள் எட்டு, அவற்றுள் ஆறு அறுகோணமாய் அமைந்திருக்கும். கால்களில் நீண்ட முட்கள் நிமிர்ந்து நிற்கும். அசையாது காத்திருந்து, இரை அருகே வந்ததும் பாய்ந்து பற்றும். தாவுங்கால் ஓர் இழையைச் செடியில் ஒட்டிச் செல்வதால், தவறினும் தரையில் வீழ்வதில்லை.

வலை பின்னாத இவ்வுயிர், நூலைத் தன் மக்களுக்கெனச் செலவிடுகிறது. தாய்ச் சிலந்தி முட்டைகளைப் பட்டுப் பையில் பொதிந்து, செடியோடு பிணைத்து, அதன்மீது அமர்ந்து காவல் காக்கும். அமெரிக்காவில் வாழும் இதன் இனச் சிலந்தியொன்று, பகை நெருங்கின் நஞ்சை உமிழவும் வல்லது.

அசுவினி, தத்துப்பூச்சி, அந்துப்பூச்சி முதலியன இவ்வினத்திற்கு இரையாவதால், இதனை உழவரின் கூலி வாங்காக் காவலாளி எனலாம். தேனீயையும் பிடிப்பதுண்டு என்பது உண்மையே. எனினும் நன்மையே மிகுதி.

கோவில்பட்டியில் 1901 முதல் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகிறது. வானம் பார்த்த இப்பூமியில் மருந்துச் செலவும் கடனாகவே ஏறுகிறது. கண்ட பூச்சிக்கெல்லாம் மருந்து தெளித்தால் பகையோடு காவலும் மடியும். பின்னர், விரைந்து பெருகும் பூச்சி மீண்டு வரும். மெல்லப் பெருகும் சிலந்தி வாராது. பூச்சிகளை எண்ணிப் பார்த்து, சேதநிலையைக் கடந்தால் மட்டுமே மருந்தடித்தல் வேண்டும் என வேளாண் அறிஞர் வலியுறுத்துவது இதனாலேயே.

நம் மாணவருள் பலர் உழவர் இல்லத்துப் பிள்ளைகள். மருந்துக் கலத்தைத் தோளில் ஏற்றுமுன், இலையைச் சற்றே புரட்டிப் பார்க்குமாறு அவர்கள் வீட்டாரிடம் எடுத்துரைத்தல் நன்று.