501-ஆவது யூனிட்

எங்கள் வீட்டு மின் அட்டையில் சென்ற முறை கணக்கீட்டாளர் எழுதிவிட்டுப் போன அளவு 512 யூனிட். தொகை ₹2,140.80. சராசரி பார்த்தால் யூனிட்டுக்கு ₹4.18 தான், யாரும் கவலைப்படாத எண். ஆனால் 500 யூனிட்டோடு நின்றிருந்தால் தொகை ₹1,805. கடைசி 12 யூனிட்டுக்கு மட்டும் ₹335.80 கட்டியிருக்கிறோம், யூனிட்டுக்கு ₹27.98. சிக்கனக் கணக்குக்கு உதவுவது சராசரி அல்ல, இந்த இரண்டாவது எண்தான்.

தமிழ்நாட்டில் 2024 ஜூலை 1-இல் நடப்புக்கு வந்த கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ₹2.35, 201 முதல் 400 வரை ₹4.70, 401 முதல் 500 வரை ₹6.30. ஒரு யூனிட் கூடி 501 ஆனதும் 101 முதல் 200 வரையிலான சலுகை விலை போய், அந்த 100 யூனிட்டும் ₹4.70-க்கு ஏறுகிறது. இழப்பு ₹235. 501-ஆவது யூனிட்டின் சொந்த விலை ₹8.40. இரண்டும் சேர்ந்து ₹243.40. தாம்பரத்திலோ தஞ்சாவூரிலோ ஒரு வீடு இதைவிட விலை உயர்ந்த யூனிட்டை வாங்குவதில்லை.

இந்தப் பள்ளம் புதிதல்ல. முன்பு இன்னும் ஆழம். 2022 செப்டம்பர் 10-க்கு முன் 500 யூனிட்டுக்கு நிலைக்கட்டணம் ₹30 சேர்த்து ₹1,130. 501 யூனிட்டுக்கு நிலைக்கட்டணம் ₹50 சேர்த்து ₹1,786.60. ஒரே யூனிட்டில் ₹656.60 தாவியது. இப்போது தாவல் ₹243.40 ஆகக் குறைந்திருக்கிறது. அது நல்ல செய்தி போலத் தெரியும். ஆனால் தாவல் குறைந்தது மேலே இருந்தவர்களின் கட்டணம் இறங்கியதால் அல்ல, கீழே இருந்தவர்களின் கட்டணம் ஏறியதால். 500 யூனிட் வீட்டின் தொகை ₹1,130-லிருந்து ₹1,805 ஆனது: 59.7% உயர்வு. 200 யூனிட் வீட்டுக்கு ₹170-லிருந்து ₹235: 38.2%. எங்களைப் போல 512-இல் இருந்த வீட்டுக்கு ₹1,859.20-லிருந்து ₹2,140.80: 15.1% மட்டுமே. எல்லைக்கு உள்ளே அடங்கி, பார்த்துப் பார்த்துச் செலவழித்த வீடுகளே விகிதத்தில் அதிகம் ஏற்றிருக்கின்றன. 2025 ஜூலையில் வந்த 3.16% உயர்வை வீட்டு இணைப்புகளுக்கு அரசே ஏற்றுக்கொண்டது. அதனால் அப்போது மேலும் ஏறவில்லை.

எல்லை யூனிட்டில் இருக்கிறது. யூனிட்டைத் தீர்மானிப்பதில் நாட்களுக்கும் பங்கு உண்டு. நாளொன்றுக்கு 8 யூனிட் செலவழிக்கும் வீட்டில் 62-ஆம் நாள் ரீடிங் எடுத்தால் 496 யூனிட், ₹1,779.80. 63-ஆம் நாள் எடுத்தால் 504 யூனிட், ₹2,073.60. ஒரு நாள் தள்ளிப்போனதற்கு ₹293.80. அந்த 8 யூனிட்டை எப்படியும் அடுத்த முறையாவது கட்டித்தானே ஆகவேண்டும் என்று ₹58.80-ஐக் கழித்தாலும் ₹235 திரும்பி வராது. அட்டையில் தேதியைப் பார்த்து நாளை எண்ணும் பழக்கம் எங்கள் அம்மாவுக்கு உண்டு. நான் அதைக் கற்றுக்கொண்டது அந்த 512-க்குப் பிறகுதான்.

எங்கள் வீட்டில் மூன்று மின்விசிறிகள். மூன்றும் 75 வாட். கூடத்தில் இருப்பது நாளுக்கு 12 மணி நேரமும், இரண்டு அறைகளிலும் 9 மணி நேரம் வீதமும் ஓடுகின்றன. மொத்தம் 30 மணி நேரம், 2.25 யூனிட், 60 நாளில் 135 யூனிட். ஆக, 512-இல் 26.4% விசிறிக்கே போயிருக்கிறது. பி.எல்.டி.சி. வகை விசிறி முழு வேகத்தில் சுமார் 28 வாட் எடுக்கிறது. அதே 30 மணி நேரத்துக்கு 0.84 யூனிட், 60 நாளில் 50.4. மிச்சம் 84.6 யூனிட்.

விசிறி ஒன்று ₹2,800 என்று வைத்துக்கொண்டால் மூன்றுக்கும் ₹8,400. இங்கேதான் கடைசி யூனிட் கணக்கு வேலை செய்கிறது. கூடத்து விசிறியை மட்டும் மாற்றினால் 512 யூனிட் 478 ஆகிறது, தொகை ₹1,666.40, மிச்சம் ₹474.40. போட்ட ₹2,800 ஏறத்தாழ 12 மாதத்தில் திரும்பிவிடுகிறது. மற்ற இரண்டையும் மாற்றினால் 427 யூனிட், ₹1,345.10, கூடுதல் மிச்சம் ₹321.30. அவற்றுக்குப் போட்ட ₹5,600 திரும்ப 35 மாதம் ஆகும். ஒரே கடையில் ஒரே விலைக்கு வாங்கிய விசிறிகள்தாம். முதல் விசிறி எல்லையைத் தாண்ட விடாமல் நிறுத்துகிறது. அடுத்த இரண்டும் வெறும் மின்சாரத்தை மட்டும் மிச்சப்படுத்துகின்றன.

எதிர்வீட்டுப் பாட்டி தனியாக இருக்கிறார். குளிர்ப்பெட்டி கிடையாது. அட்டையில் 88 யூனிட், தொகை ₹0. அவர் வீட்டு விசிறியும் 75 வாட், நாளுக்கு 12 மணி நேரம், 60 நாளில் 54 யூனிட். புது விசிறி மாட்டினால் 34 யூனிட் குறையும். பணத்தில் ₹0 குறையும். ₹2,800 ஒருநாளும் திரும்பி வராது. “நீயும் மாத்திடும்மா” என்று என் அம்மா அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கணக்குப் போட்டுக் காட்டியதும் விட்டுவிட்டார்.

விளக்குக்கு இந்தச் சிக்கல் குறைவு, காரணம் முதலீடே சிறியது. 60 வாட் குண்டு பல்புக்குப் பதில் 9 வாட் எல்.இ.டி. போட்டால், நாளுக்கு 5 மணி நேரக் கணக்கில் இரண்டு மாதத்துக்கு 15.3 யூனிட் குறையும். உஜாலா திட்டத்தின் மொத்தக் கொள்முதலில் எல்.இ.டி. பல்பின் விலை 2014-இல் ₹310 ஆக இருந்து 2016-இல் ₹38-க்கு இறங்கியது: 87.7% வீழ்ச்சி. பெரும்பாலான வீடுகள் இந்த மிச்சத்தை ஏற்கெனவே எடுத்துவிட்டன. இனி எடுக்க அதிகமில்லை.

ஏ.சி. அதற்கு நேர்மாறு. மணிக்கு 1 யூனிட் வீதம் இரவில் 6 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 360 யூனிட். விசிறி மாற்றிய 427 யூனிட் வீட்டில் இதைச் சேர்த்தால் 787 யூனிட், தொகை ₹4,647.15. ஏ.சி.யின் பங்கு ₹3,302.05, யூனிட்டுக்கு ₹9.17. வெப்பநிலையை ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6% மின்சாரம் குறையும் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் மதிப்பீடு. 22 டிகிரியை 24 ஆக்கினால் 12%, அதாவது 43 யூனிட். 601 முதல் 800 வரையிலான ஸ்லாபில் யூனிட் ₹9.45 என்பதால் ₹406 மிச்சம். இதே 43 யூனிட்டை 201 முதல் 400 வரையில் இருக்கும் வீடு குறைத்தால் ₹202. ரிமோட்டில் இரண்டு முறை அழுத்துவதற்கு முதலீடு ஏதுமில்லை.

சமையல் எரிவாயுவுக்கு வருவோம். சென்னையில் 14.2 கிலோ சிலிண்டர் 2023 மார்ச்சில் ₹1,118.50, அதே ஆண்டு ஆகஸ்டு இறுதியில் ₹918.50, 2024 மார்ச்சில் ₹818.50, 2025 ஏப்ரல் 8-இல் ₹868.50. உச்சத்திலிருந்து ₹250, அதாவது 22.4% குறைவு. 45 நாளுக்கு ஒரு சிலிண்டர் என்றால் ஆண்டுக்கு 8.1 சிலிண்டர், ₹7,044. பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட சோதனை அளவுகளில், திறந்த பாத்திரத்தை விடக் குக்கரில் சோற்றுக்கு 20%, ஊறவைத்த கடலைப் பருப்புக்கு 46% எரிபொருள் குறைகிறது. கொண்டைக்கடலையை இரவே ஊறப்போட்டால் 22%. எங்கள் வீட்டில் சோறு எப்போதும் குக்கரில்தான். சுண்டலுக்கும் சாம்பார்ப் பருப்புக்கும் ஊறவைப்பதைத் தவறாமல் செய்த பிறகு சிலிண்டர் 50 நாள் வருகிறது. ஆண்டுக்கு 0.8 சிலிண்டர், ₹704, மாதத்துக்கு ₹59.

மின் அடுப்புக்கு மாறலாமா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. 14.2 கிலோ வாயுவில் சுமார் 180 யூனிட் வெப்பம் உண்டு. அடுப்பின் திறன் 68% என்றால் பாத்திரத்துக்குச் சேர்வது 122 யூனிட். இண்டக்‌ஷன் அடுப்பின் திறன் 85% என்று கொண்டால், அதே வேலைக்கு 144 யூனிட் மின்சாரம் வேண்டும். ₹4.70 ஸ்லாபில் அதற்கு ₹677, ₹6.30-இல் ₹907, ₹8.40-இல் ₹1,210. 2025 ஏப்ரல் விலையில் சிலிண்டரோ ₹868.50. சமநிலை யூனிட்டுக்கு ₹6.03. 250 யூனிட் வீடு ₹4.70 ஸ்லாபைத் தாண்டாமல் மாறினால் சிலிண்டருக்கு ₹192 மிச்சம். பழைய 45 நாள் சிலிண்டர் கணக்கில் எங்கள் வீடு முழுவதும் மாறினால் இரண்டு மாதத்துக்கு 192 யூனிட் கூடி 619 ஆகும். கூடுதல் மின் தொகை ₹1,714.45, மிச்சமாகும் வாயு ₹1,158. நட்டம் ₹556. எதிர்வீட்டுப் பாட்டிக்கோ இலவச 100-இல் இன்னும் 12 யூனிட் மீதம் இருக்கிறது. அதில் அவர் வெந்நீரும் கஞ்சியும் வைத்துக்கொண்டால் சுமார் 1.2 கிலோ வாயு, ₹72 மிச்சம். விசிறியில் கிடைக்காதது அவருக்கு அடுப்பில் கிடைக்கிறது. அடுப்பு வாங்கும் விலையைக் கணக்கில் சேர்த்தால் அதுவும் மெதுவாகத்தான் திரும்பும்.

இவ்வளவும் குடும்பச் செலவில் எத்தனை பங்கு? 2022-23 நுகர்வுச் செலவு ஆய்வின்படி தமிழ்நாட்டு நகர்ப்புறத்தில் ஒருவரின் மாதச் செலவு ₹7,630, கிராமப்புறத்தில் ₹5,310. நால்வர் வீட்டுக்கு முறையே ₹30,520, ₹21,240. அகில இந்திய அளவில் எரிபொருளுக்கும் விளக்குக்கும் போவது ஏறத்தாழ 6 முதல் 7%. உணவுக்கு நகரத்தில் 39.17%, கிராமத்தில் 46.38%. நகர உணவில் தானியத்தின் பங்கு மொத்தச் செலவில் 3.64%, பானங்கள், பலகாரம், தயாரித்த உணவு ஆகியவற்றின் பங்கு 10.64%. அரிசி, கோதுமைக்கு ஒரு ரூபாய் என்றால் இவற்றுக்கு ₹2.92. இந்த விகிதத்தை அப்படியே ஒரு தமிழ்நாட்டுக் குடும்பத்தின் மேல் சுமத்த முடியாது என்றாலும், அரிசி மூட்டையின் விலைக்காக நாலு கடை ஏறி இறங்குவதைவிடத் தேநீருக்கும் பலகாரத்துக்கும் போகும் தொகையை ஒரு மாதம் எழுதிவைப்பது பயன் தரும் என்று நினைக்கிறேன்.

எங்கள் வீட்டில் அப்படி எழுதியதில் முதலில் கண்ணில் பட்டது பால். ஆவின் ஆரஞ்சு பாக்கெட் அரை லிட்டர் ₹30, நீலம் ₹20. நாளுக்கு ஒரு லிட்டரும் ஆரஞ்சாகவே வாங்கிவந்தோம். தயிருக்கு உறையூற்றும் அரை லிட்டரை அப்படியே விட்டு, காப்பிக்கான அரை லிட்டரை நீலமாக்கினோம். நாளுக்கு ₹10, மாதம் ₹300. மூன்றாம் நாளே கண்டுபிடித்த அம்மா ஒரு வாரம் முகம் சுளித்தார். டிகாக்‌ஷனைக் கெட்டியாக இறக்கியதும் ஒத்துக்கொண்டார்.

அடுத்தது ரேஷன். துவரம் பருப்பு கிலோ ₹30, பாமாயில் லிட்டர் ₹25. வெளியில் இரண்டும் தலா ₹130 என்று கொண்டால் மாதம் ₹205 வித்தியாசம். வரிசை நீளம் என்று சொல்லி ஓராண்டில் 5 மாதம் வாங்காமல் விட்டிருக்கிறோம். இழந்தது ₹1,025, மாதச் சராசரி ₹85.

விசிறியில் ₹398, பாலில் ₹300, ரேஷனில் ₹85, எரிவாயுவில் ₹59: மாதம் ₹842. நால்வர் நகரக் குடும்பத்தின் ₹30,520-இல் இது 2.8%. பெரிய தொகை அல்ல. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக ₹888 மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழு கணக்கிட்டது. எங்கள் வீட்டு மொத்தச் சிக்கனமும் அந்த ஒரு சலுகைக்குக் கீழேதான் நிற்கிறது. இன்னொரு பக்கம், 500 யூனிட் வீட்டுக்கு 2022-க்குப் பின் ஏறிய மின்கட்டணம் மாதத்துக்கு ₹337.50, விசிறி மாற்றியதில் எங்களுக்குக் கிடைத்த ₹398 அதைவிட ₹60 மட்டுமே கூடுதல்.

₹842 கையில் இருந்தால் கரைந்துவிடும். அஞ்சலகத்தின் 5 ஆண்டுத் தொடர் வைப்பில் 6.7% வட்டிக்கு மாதம் ₹840 கட்டினால் 60 தவணையில் ₹50,400, முதிர்வில் ₹59,947. வட்டி ₹9,547. விசிறிகளுக்குப் போட்ட ₹8,400-ஐவிட ₹1,147 கூடுதல்.

விசிறி மாற்றியபின் இந்த முறை 34-ஆம் நாளில் மீட்டரைப் பார்த்தேன்: 242 யூனிட். நாளுக்கு 7.12. இதே வேகத்தில் போனால் 60-ஆம் நாளில் 427. 500-ஐத் தொட 70 நாள் ஆகும்.